பவர்

மத்திய வீதிக் கண்ணாடிக்கடையில்
ஒன்பதாவது வருடம் நிற்கிறேன்.
ஒரு நாளைக்கு அந்தச் சொல்லை
நாற்பது தரமாவது சொல்லியிருப்பேன்.
பவர் கூடிப்போச்சு அண்ணை.
இது பவரில்லாதது, வெயிலுக்கு மட்டும்.
பிள்ளைக்கு இந்த வயதிலேயே பவரா என்று
தாய்மார் கண் கலங்குவார்கள்.
பவர் வந்ததற்காக அழுகிறவர்களை
வேறெந்தக் கட்டடத்திலும் நான் கண்டதில்லை.

பாலையூற்று அருளப்பு
வலை பொத்தக் கண்ணாடி தேடி வந்தவர்
நான் அதைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.
இத்தனை பவருக்கு மேல்
எஞ்சின் பூட்ட விடாத காலத்து ஆள்.
"கடலில எத்தினை குதிரை ஓடலாமெண்டு
கரையில நிண்டவன் எண்ணித் தந்தான், தங்கச்சி.
நீ பாஸ் கேக்காமலே ரெண்டு தாறாய்."
காசில் மட்டும் நூறு ரூபாய் குறைத்தார்.

பள்ளியில் இதை வலு என்று படித்தேன்.
உவாற்றில் அளந்து புள்ளியும் வாங்கினேன்.
வீட்டில் வலு என்றால் மிக.
வலு நல்ல மனுசன், வலு தூரம், வலு கவனம்.
ஒருவரும் அளந்து பார்த்ததில்லை.

போன சனிக்கிழமை
பாலமெல்லாம் தாண்டி சம்பூரிலிருந்து
கனகநேசம் வந்தார்.
வாசிப்பு அட்டையை நீட்டினேன்:
மழை பெய்தது, மாடு நனைந்தது.
"மாடு நனையட்டும் பிள்ளை.
எனக்கு வாசிக்கவேண்டியது இது."
வயர்பையிலிருந்து பொலித்தீன் சுற்றிய தாள் வந்தது.
அதை விரிக்கும்போதே பேசிக்கொண்டிருந்தார்.
"எங்கட காணியில கறண்ட் எடுக்கப் போறமெண்டாங்கள்.
நாங்கள் கிளிவெட்டிக் கூடாரத்தில,
குப்பி விளக்கோட.
பிறகு போகச் சொன்னாங்கள், போனம்.
கிணத்தை இறைச்சுத்தான் குடிச்சம்."

ஒன்றரை போட்டேன்.
எறும்பு ஊருது என்றார்.
ஒன்றே முக்கால்.
எறும்பு நிக்குது.
இரண்டே காலில் நிமிர்ந்து
உரக்க வாசித்தார்: அற்றோனித் தத்துவம்.

"தத்துவமெண்டால் கோயில் பிரசங்கத்தில சொல்றதெல்லோ?"
"இது பவர் அம்மா. உங்கட தம்பி
ஆருக்கோ பவர் எழுதியிருக்கிறார்."

விரலை வரியில் வைத்து இறங்கினார்.
ஸ்காபரோவில் வதியும் இன்னார்,
வடக்கே வாய்க்கால், மேற்கே ஒழுங்கை,
கல்வீடு ஒன்று, கிணறு ஒன்று,
பயன்தரு தென்னை பதினொன்று
("பதினாலு," என்றார் தாளைப் பார்த்து),
விற்கவும் ஈடு வைக்கவும்
குடியிருப்போரை எழுப்பவும்.

அந்த இடத்தில் விரல் நின்றது.
எழுப்புவது என்றால் அவருக்குத் தெரிந்தது
விடியற்காலையும் பேரப்பிள்ளைகளும்.
இரண்டாம் தரம் வாசித்தார், சத்தமில்லாமல்.
பரிசோதனைச் சட்டம் மூக்கில் கனக்க
என்னைப் பார்த்தார். அந்த வில்லைக்குப் பின்னால்
அவர் கண்கள் மிகப் பெரிதாய் இருந்தன.

"இதைக் கொஞ்சம் குறைக்கேலுமோ பிள்ளை?"

குறைக்கலாம். ஒன்றரையில் மறுபடி எறும்பு ஊரும்.
குறைக்க என் கை போகவில்லை.

அப்போது மின்விசிறி தளர்ந்து நின்றது.
"பவர் போட்டுது" என்று உள்ளேயிருந்து முதலாளி கத்தினார்,
ஏதோ நான் பிடித்து வைத்திருக்கவேண்டியது போல.
வாசற்படியில் ஒரு மான்
எங்கள் பிரேம் வந்த அட்டைப்பெட்டியை
மென்றுகொண்டு நின்றது.
இந்த நகரத்தில் அதை எழுப்ப
ஒருவரிடமும் தாள் இல்லை.

தாளை மடித்த மடிப்பிலேயே மடித்தார்.
"கறண்ட் வருமட்டும் இருக்கலாமோ?"

இருங்கோ என்றேன்.
அந்த ஸ்டூலின் அளவுக்கு
எனக்கும் சொல்ல முடியும்.